சம்மந்தி கேட்ட சுவிட்ச்

கையை எடுங்க தம்பி. முதல்ல அந்தச் சிவப்பு லைட்டு மேல இருந்து கையை எடுங்க.

வண்டியப் பாக்க வேண்டாம்னு சொல்லலை. திருப்பூர்ல இருந்து இம்புட்டுத் தூரம் மலையேறி குன்னூருக்கு வந்திருக்கறீங்க. கதவைத் தெறந்து பாருங்க, சீட்டுல உக்காந்து பாருங்க, பானெட்டைத் தூக்கிப் பாருங்க. ஆனா வந்ததும் வராததுமா எல்லாரும் அந்த லைட்டையே போய் அமுத்தறாங்க பாருங்க, அது எனக்கு ஆகறதில்லை.

அப்பறம், இந்த வண்டி விக்கறதுக்கு இல்லை. யார் சொன்னா விக்கறேன்னு? போன்ல போட்டோவோட வந்துதா? அதை நான் போடலீங்க. என்ற சம்சாரம் போட்டது. துளசிமணின்னு பேர் இருந்திருக்குமே, பாத்தீங்களா? போன் அவ பேர்ல இருக்குது, வண்டி என்ற பேர்ல இருக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். போட்டோவை எப்ப எடுத்தான்னே தெரியலை. நான் கடைக்குப் போன நேரம் பாத்து எடுத்திருப்பா. இந்த ஊட்ல எல்லாமே நான் இல்லாத நேரம் பாத்துத்தான் நடக்குது.

உக்காருங்க, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க. காப்பி கெடைக்காது, ஊட்ல யாரும் இல்லை. எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கறாங்க. நான் போகலை. ஏன் போகலைன்னு நீங்க கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். ஏன்னா இங்கிருந்து எறங்கிப் போயி டீக்கடையில நீங்க விசாரிச்சா, "சென்னியப்பன் பிரேக் இல்லாத வண்டிய ஓட்டிச் சம்மந்தி காலை ஒடிச்சுப்போட்டான்"னு சொல்லுவாங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் அந்த ஒரு வரிதான் தெரியும். நடந்தது என்னன்னு என்னைக் கேட்டவன் ஒருத்தனும் கெடையாது.

நான் டீத்தூள் வியாபாரம் பண்றவன். இது ஒரு எஸ்டேட்டுத் தொரை விட்டுட்டுப் போன வண்டி. எழுபதாம் வருசத்துக்குப் பக்கத்துல இங்கிலாந்துல செஞ்சது. மேல்கூரையை மடக்கிப்போடலாம். ஷெட்டுல கோழி அடைஞ்சு கெடந்ததை நான் வாங்கியாந்து, தொடைச்சு, பெயிண்ட் அடிச்சு, என்ற பொண்ணு தாரணி பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்து ஓட்டறேன். அவ கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். இதுல ஏதாச்சும் தப்பிருக்குதுங்களா? ஒரு தகப்பன் ஆசைப்படக் கூடாதுங்களா?

மாப்பிள்ளை நவநீதன் நல்ல பையன். நல்ல பையனாத்தான் இருந்தாரு. அவங்கப்பா இருக்கறாரே, தெய்வசிகாமணி, அந்த மனுசன்தான் கோயமுத்தூர்ல ஒரு பாலிடெக்னிக்குல ஆட்டோமொபைல் வாத்தியாரு. ரிட்டையர் ஆயாச்சு. ஆனா வாத்தியாருங்க எங்கீங்க ரிட்டையர் ஆகறாங்க? சம்பளம்தான் நிக்குது, பேச்சு நிக்கறதில்லை. ஊட்டுக்குள்ள வந்தா மின்விசிறி சுத்தறதைப் பாத்து அதுக்கு ஒரு பாடம், மிக்ஸி ஓடினா அதுக்கு ஒரு பாடம்.

நிச்சயத்தன்னைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டு வெத்தலை போட்டுட்டு நிக்கறாங்க. நான் பெருமையா, "வாங்க சம்மந்தி, வண்டியப் பாக்கலாம்"னு இந்த ஷெட்டுக்குக் கூட்டியாந்தேன். கூடவே என்ற பங்காளி, மாமன் மச்சான் எல்லாரும் வந்துட்டாங்க. சாவியப் போட்டேன். இந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சுது. அந்தாளு மூஞ்சியப் பாக்கோணுமே நீங்க. மீனைப் பாத்த கொக்கு கெட்டது போங்க.

"இது என்ன லைட்டுன்னு தெரியுங்களா?"ன்னாரு.

"பிரேக் லைட்டுங்க"ன்னேன்.

"பிரேக் லைட்டு வண்டிக்குப் பின்னால எரியறது. இது பிரேக் எச்சரிக்கை லைட்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது"ன்னாரு. என்ற ஷெட்டுல நின்னுட்டு, என்ற வண்டியப் பத்தி, எனக்கு!

அதோட விட்டாரா? என்ற மச்சான் கையில இருந்த காப்பி டம்ளரைப் புடுங்கினாரு. இன்னொரு டம்ளரையும் வாங்கினாரு. பானெட்டு மேல ரெண்டையும் வெச்சு, நடுவால ஒரு கொட்டப்பாக்கை வெச்சாரு. "இந்தப் பக்கம் முன் சக்கரத்துக்குப் போற பிரேக் எண்ணெய். இந்தப் பக்கம் பின் சக்கரத்துக்குப் போறது. ரெண்டும் தனித்தனிக் குழாய். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தோணும்னு பிரிச்சு வெச்சிருக்கறான். நடுவால ஒரு பித்தளைக் கட்டை, அதுக்குள்ள இந்தப் பாக்காட்டம் ஒரு சின்ன உருளை. ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இருக்கற வரைக்கும் உருளை அசையாது. ஒரு பக்கம் ஒழுகி அழுத்தம் கொறைஞ்சா, பலமா இருக்கற பக்கம் உருளையைத் தள்ளிப்போடும். உருளை நகந்தா அது மேல நிக்கற சுவிட்சு அமுங்கிக்கும், லைட்டு எரியும்." இப்படிச் சொல்லிட்டு டம்ளரால பாக்கைத் தள்ளறாரு. பாக்கு உருண்டு கீழ விழுகுது. என்ற பங்காளிங்க எல்லாம் மொதப் பெஞ்சுப் பசங்க மாதிரி கையைக் கட்டிட்டு நிக்கறாங்க. ஒருத்தன் சந்தேகம் வேற கேக்கறான்.

இதெல்லாங்கூடப் பொறுத்துட்டேன். கடைசியில சொன்னாரு பாருங்க: "இந்தச் சுவிட்சு சரியாகாம என்ற பையன் இந்த வண்டியில ஏற மாட்டான்."

சபையில, தம்பி. நகை வேண்டாம், சீர் வேண்டாம், பொண்ணைக் குடுத்தாப் போதும்னு பேசின மனுசன் கடைசியில சுவிட்சு கேக்கறாரு! அதுக்கு ஒரு புதுக் காரே கேட்டிருந்தா நான் சந்தோசமா வாங்கிக் குடுத்திருப்பேன். ஒறம்பரை முன்னால தலை குனியாமலாவது இருந்திருக்கும்.

தாரணி அன்னைக்கே சொன்னா. "அப்பா, அவர் உங்களை மட்டம் தட்டலை. வண்டியில ஏறப் போறது அவர் பையன். பயப்படறாரு"ன்னா. பயமாம். எனக்கு இல்லாத பயம் அவருக்கு என்ன?

சரி, வாய் குடுத்தாச்சு, செஞ்சுதான் ஆகோணும். பிரான்சிஸைக் கூப்பிட்டேன். பிரான்சிஸ்னா இந்த வண்டிக்கு ஆரம்பத்துல இருந்து கை வெக்கறவன். அவன் பாத்துப்போட்டு, "இது போன தடவை பின் சக்கரத்துப் பிரேக்குக்குப் புதுச் சாமான் மாட்டி, குழாயில இருந்த காத்தை எடுத்தப்ப உருளை ஒரு பக்கமா போய் ஒக்காந்துருச்சுங்க. பிரேக்கு நல்லாத்தான் இருக்குது, லைட்டு சும்மா எரியுது"ன்னான். கேட்டீங்களா? சும்மா எரியுது! மெக்கானிக்கே சொல்றான். பாலிடெக்னிக்காரர் டம்ளரு, பாக்கு எல்லாம் வெச்சுச் சொன்னது என்ன ஆச்சு?

அந்த உருளையை நடுவால கொண்டாரப் பாத்தான். எதிர்ப்பக்கத்துக் குழாயோட திருகைத் தளர்த்தி, மெதுவா பெடலை அமுத்தினா நடுவால வந்துருமாம். அமுத்தினோம். வரலை. துரு ஏறி மாட்டிக்கிச்சு. "கழட்டிக் கழுவி உள்ள ரப்பர் வளையம் மாத்தோணும். வளையம் வெளிநாட்டுல இருந்து வரோணும், கல்யாணத்துக்குள்ள வராது"ன்னான்.

"அப்ப அந்தச் சுவிட்சுல இருந்து வர்ற வயரைக் கழட்டி விட்ரு"ன்னேன்.

"நான் கழட்ட மாட்டேனுங்க. இப்ப சும்மா எரியறது வாஸ்தவம். நெசமா எரிய வேண்டிய அன்னைக்கு எரியாமப் போயிருமுங்க"ன்னான்.

அவனுக்கும் வாத்தியாரு காத்து அடிச்சிருச்சு. நானே கழட்டினேன். ஒத்தை வயரு, இழுத்தா வந்துருச்சு. லைட்டு அணைஞ்சுருச்சு. சம்மந்திக்குப் போன் போட்டு, "சரி பண்ணியாச்சுங்க"ன்னேன். இதைத்தான் பொய்யின்னு சொல்றாங்க. நீங்களே சொல்லுங்க. அவருக்குப் பிரச்சினை என்ன? லைட்டு எரியுது. இப்ப எரியுதா? எரியலை. அப்பறம் என்ன பொய்யி?

இன்னொண்ணையும் கேட்டுக்கோங்க. லைட்டு வயரைக் கழட்டினா பிரேக்கு போகுமா? போகாது. வயரு வேற, எண்ணெய்க் குழாய் வேற. இதை எந்தக் கோர்ட்டுல வேண்ணாலும் நின்னு சொல்லுவேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்கு மத்தியானம் சம்மந்தி வந்தாரு. வந்ததும் வராததுமா உங்களை மாதிரியேதான், அந்த லைட்டை அமுத்திப் பாத்தாரு. அமுத்தினா பல்பு எரியும். பல்பு நல்லா இருக்குதான்னு பாக்கறதுக்குன்னே அப்படிச் செஞ்சிருக்கறான். சுவிட்சு வயரு மாட்டியிருந்தாலும் எரியும், மாட்டாட்டியும் எரியும். எரிஞ்சுது. விட்டாரு, அணைஞ்சுது. "பாத்தீங்களா? பல்பு எரியுது. பல்பு நல்லா இருந்தும் லைட்டு அணைஞ்சிருக்குதுன்னா பிரேக்கு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்"னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. வாத்தியாருக்கே தெரியலை! பானெட்டைத் தூக்கிப் பாத்திருந்தா ஒத்தை வயரு தொங்கறது தெரிஞ்சிருக்கும். தூக்கலை. அப்ப யார் மேல தப்பு? பரீட்சை வெச்சவரு அவரு, பாஸ் போட்டவரு அவரு.

துளசிமணி அன்னைக்குக் காலையில முன் சக்கரத்துக்கிட்ட தரையில ஏதோ எண்ணெய் மாதிரி சொட்டியிருக்குதுன்னு சொன்னா. கோலம் போட வந்தவ கால்ல வழுக்குச்சாம். "பழைய வண்டின்னா சொட்டத்தான் செய்யும், தொடைச்சு விடு"ன்னேன். தொடைச்சு விட்டா. அதையும் இப்ப எம்மேலதான் எழுதறாங்க. தொடைச்சது யாரு?

மேல வினாயகர் கோயில்ல இருந்து கீழ மண்டபத்துக்கு எறக்கம். நீங்க வந்த ரோடுதான், பாத்திருப்பீங்க. சாயங்காலம். மழை பேஞ்சு விட்டிருந்துது. மஞ்சு எறங்கிட்டு இருக்குது. வண்டி முழுக்கச் சாமந்தியும் சம்பங்கியும். நான் பட்டு வேட்டி கட்டி ஓட்டறேன். பின்னால மாப்பிள்ளை, அவருக்கு ரெண்டு பக்கமும் அவங்க அக்கா கொழந்தைங்க. எனக்கு முன்னால மேளக்காரங்க, அவங்களுக்கு முன்னால தட்டு எடுத்துட்டுப் பொம்பளைங்க. சம்மந்தி வண்டிய ஒட்டியே நடந்து வர்றாரு, காவல் காக்கற மாதிரி.

தம்பி, பொய் சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்கு நெஞ்சு நெறைஞ்சு இருந்துது. ரெண்டு பக்கமும் ஜன்னலைத் தெறந்து ஊரே பாக்குது. இந்த வண்டிய வாங்கின நாள்ல சிரிச்சவங்கெல்லாம் பாக்கறாங்க.

நடக்கற வேகத்துக்குப் போகோணும்ல, இஞ்சின் சூடாகுதுன்னு நியூட்ரல்ல விட்டு எறக்கத்துலயே உருட்டிட்டு வந்தேன். கியர்ல வந்திருக்கோணும்னு அப்பறம் எல்லாரும் சொன்னாங்க. அப்பறம் சொல்றதுக்கு என்ன? முதல் வளைவுல பிரேக்கை அமுத்தினேன், நின்னுது. ரெண்டாவது வளைவுல அமுத்தினேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிருச்சு. போயிக் கீழ முட்டுது. பின் சக்கரம் மட்டும் புடிக்குது, அது ஈர ரோட்டுல வழுக்குது. கைப்பிரேக்கை இழுத்தேன், அதுவும் அதே பின் சக்கரந்தான். வண்டி நிக்கலை. வேகம் புடிக்குது.

ஆரன் அடிச்சேன். மேளக்காரங்க சந்தோசத்துல அடிக்கறேன்னு நெனச்சுட்டாங்க. தவில்காரன் திரும்பிப் பாத்துச் சிரிச்சுட்டு இன்னும் ஓங்கி அடிக்கறான். நான் அடிக்க அடிக்க அவன் அடிக்கறான். நாயனக்காரர் வயசாளி, அவர் திரும்பவே இல்லை. வண்டிக்கும் அவர் முதுகுக்கும் நடுவால இடமே இல்லாமப் போயிட்டிருக்குது.

"சுவத்துப் பக்கம் ஒடிங்க! சுவத்துப் பக்கம்!"னு சம்மந்தி கத்தினாரு.

எனக்குத் தெரியாதா? இடது பக்கம் கல்லுக்கட்டுச் சுவரு, அதுல ஒரசினா நிக்கும்னு அவர் சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். ஒடிக்கத்தான் போனேன். அவர் சொல்லிப்போட்டாரு. சொல்லிப்போட்டதும் கை... கை அப்படியே நின்னுருச்சு. ஒரு மூச்சு நேரம். அவ்வளவுதான். மாப்பிள்ளை இதை வேற மாதிரி சொல்றாரு. "எங்கப்பா சொன்னாருன்னே இவர் திருப்பலை"ங்கறாரு. எப்படிங்க அவருக்குத் தெரியும்? பின்னால உக்காந்திருக்கறவருக்கு என்ற மனசு தெரியுமா? நான் ஒடிக்கறதுக்குள்ள அவரே பின்னால இருந்து பாஞ்சு ஸ்டியரிங்கை இழுத்துட்டாரு.

சம்மந்தி அதுக்குள்ள முன்னால ஓடிட்டாரு. நாயனக்காரரை ரெண்டு கையாலயும் அக்கட்டால தள்ளிவிட்டாரு. தள்ளினவரு ஒதுங்கலை, ஒதுங்க நேரமும் இல்லை. வண்டி சுவத்தை ஒரசிட்டுப் போயி அவர் முழங்காலைச் சுவத்தோட வெச்சு நசுக்கிட்டு நின்னுது.

மேளம் நின்னுது. அப்பறம் எல்லாம் கத்தறாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலை. கொழந்தைங்க ரெண்டும் சீட்டுக்குக் கீழ கெடந்து அழுகுதுங்க, காயம் ஒண்ணுமில்லை. மாப்பிள்ளை வண்டிய விட்டுக் குதிச்சு, "அப்பா, அப்பா"ன்னு ஓடறாரு. மாலை அறுந்து ரோடெல்லாம் பூவு.

ஒரு ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கட்டில்ல படுத்துட்டு அந்தாளு என்ன சொன்னாரு தெரியுங்களா? "என்னால முகூர்த்தம் நிக்கக் கூடாது. காலையில தாலி ஏறியாகோணும்"னாரு. பாருங்க, எல்லார் முன்னாலயும் பெரிய மனுசன் ஆயிட்டாரு. ஒறம்பரை எல்லாம் கண்ணைத் தொடைக்குது. நான் அங்கயே நிக்கறேன், என்னை ஒருத்தரும் பாக்கலை.

அப்பறம் என்னைக் கூப்பிட்டு, "அந்த லைட்டு எரிஞ்சுதுங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. வலியில பல்லைக் கடிச்சுட்டு அதைத்தான் கேக்கறாரு, வேற ஒண்ணும் கேக்கலை.

"எரியலைங்க"ன்னேன். நெசந்தானே? எரியலை.

"எரிஞ்சிருக்கோணுமே"ன்னு யோசிக்கறாரு. "நான் சொல்லிக் குடுத்தது தப்பா? ஒரு பக்கம் போனா எரிஞ்சே ஆகோணுமே. அமுத்திப் பாத்தனே"ன்னு தனக்குத்தானே பேசறாரு. விட்டிருந்தா அப்படியே போயிருக்கும். அவர் பாடத்துல அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். நல்லதுதானே?

துளசிமணி வாயைத் தெறந்தா. "அண்ணா, நீங்க சொன்னது தப்பில்லீங்க. இவர் வயரைக் கழட்டிப்போட்டாரு. நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன்"னா. இத்தனை வருசம் குடும்பம் நடத்தினவ, ஆஸ்பத்திரி வார்டுல, நர்சுங்க நிக்கறப்ப.

அவரு என்னைப் பாத்தாரு. திட்டலை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், கணக்கு நேராயிருக்கும். சும்மா பாத்துட்டு மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அதுதான் தம்பி அந்தாளோட திமிரு.

காலையில தாலி ஏறுச்சு. தாரணி என்ற கால்ல விழுந்தப்ப என்ற மூஞ்சியப் பாக்கலை. அதுக்கப்பறம் வருவா, போவா, நான் கடைக்குப் போன நேரத்துக்கு வருவா. பிரான்சிஸ் வந்து கழட்டிப் பாத்துட்டு, முன் சக்கரத்துக்குப் போற ரப்பர் குழாய் வெடிச்சிருந்துதுன்னான். வயசான குழாய், கொஞ்ச நாளாவே கசிஞ்சிருக்கும்னான். வெடிச்சதுக்கு நானா பொறுப்பு? குழாய்க்கு வயசானதுக்கு நானா பொறுப்பு? "வயரு இருந்திருந்தா லைட்டு அணையாம எரிஞ்சிருக்கும், மாப்பிள்ளை ஏறியிருக்க மாட்டாருங்க"ன்னான். அதுக்கு மேல அவன் இந்த ஷெட்டுக்கு வர்றதில்லை. கூப்பிட்டாலும் சோலி இருக்குதுங்கறான்.

என்ன பாக்கறீங்க? பட்டு வேட்டியா? ஊட்ல இருக்கறவன் பட்டு வேட்டி கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?

இன்னைக்குப் பேரனுக்குக் காதுகுத்து. அதே வினாயகர் கோயில்ல. கோயமுத்தூர்ல இல்லாத கோயிலா? "எந்த ரோட்டுல என்ற பையன் உசுரு பொழைச்சுதோ, அந்தச் சாமி முன்னாலதான் பேரனுக்கு மொட்டையும் காதுகுத்தும்"னு சம்மந்தி வேண்டிக்கிட்டாராம். எங்க ஊருக்கே வந்து, எனக்குக் கேக்கற மாதிரி மணி அடிக்கறாரு.

தாரணிக்குக் கூடப் பொறந்தவன் இல்லை. தாய்மாமன் மடின்னு ஒண்ணு இல்லை. அப்பச் செய்ய வேண்டியது யாரு? பொண்ணைப் பெத்த அப்புச்சி நான் இருக்கறேன். நேத்து அவரே போன் பண்ணினாரு. தெய்வசிகாமணி. ஆஸ்பத்திரியில மூஞ்சியத் திருப்பினதுக்கப்பறம் மொதத் தடவை. "கொழந்தைய மடியில வெச்சு உக்காரோணும். என்னால சம்மணம் போட முடியாதுங்க, கால் மடங்காது. நீங்க வந்து உக்காருங்க. உங்க மடிதான் முறை"ன்னாரு.

கேட்டீங்களா? "கால் மடங்காது!" எப்படிக் குத்திக் காட்டறாரு பாருங்க. கூப்பிடறவன் வாங்கன்னு கூப்பிட்டாப் போதாதா? காலைப் பத்தி எதுக்குப் பேசோணும்? துளசிமணி சொல்றா, "அந்த மனுசன் உங்களுக்காக எறங்கி வர்றாரு"ன்னு. எறங்கி வர்றாராம். வந்து, "நீங்க ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு உக்காந்தீங்கன்னா எல்லாம் தீந்துரும்"னா. அதுதான், அங்கதான் இருக்குது விசயம்! எல்லாம் பேசி வெச்சுத்தான் கூப்பிடறாங்க. நான் காலையில குளிச்சு, வேட்டி கட்டி, இந்தப் படி வரைக்கும் வந்தேன். வந்து, எதுக்குப் போகோணும்னு இங்கயே நின்னுட்டேன். அப்பறந்தான் நீங்க வந்தீங்க.

மன்னிப்பு எதுக்குங்க? வயரைக் கழட்டினா பிரேக்கு போகுமா? நீங்க பழைய வண்டி தேடி வந்தவரு, சொல்லுங்க. போகுமா? ஏன் தரையவே பாக்கறீங்க?

இருங்க. போன் அடிக்குது. அவதான்.

ம். சொல்லு.

நான் வந்துட்டுத்தான்... இங்க ஒருத்தர் வண்டி பாக்க வந்திருக்கறாரு, அவரோட பேசிட்டு... ஆமா, நீ போட்ட போட்டோவுக்குத்தான். இரு, இப்பக் கெளம்பறேன். காது குத்தற ஆசாரிய இருக்கச் சொல்லு.

என்ன?

குத்தியாச்சா?

யார் மடியில?

அந்தாளு எப்படி உக்காந்தாரு? கால் மடங்காதுன்னாரே? ...அழுத்தி மடக்கினாரா? யாரும் தடுக்கலையா? மாப்பிள்ளை என்ன பண்ணிட்டு இருந்தாரு? ...கொழந்தை அழுதானா? ...ம். ...ம். சரி. வை.

கேட்டீங்களா தம்பி, கதையை? நல்ல நேரம் தாண்டுதுன்னு அந்தாளே உக்காந்துட்டாராம். இவ்வளவு நேரம் பாத்தவரு இன்னும் சித்த நேரம் பாக்கக் கூடாதா? நான்தான் வேட்டி கட்டி நிக்கறனே? வேணும்னே பண்ணியிருக்கறாரு. எல்லாரும் பாக்கட்டும், நாளைக்கு ஊரெல்லாம் பேசட்டும்னு வேணும்னே பண்ணியிருக்கறாரு. இப்ப எந்திரிக்க முடியலையாம். கால் மாட்டிக்கிச்சாம். மாப்பிள்ளையும் இன்னும் மூணு நாலு பேரும் புடிச்சுத் தூக்கிப் பாக்கறாங்களாம், தொட்டாக் கத்தறாராம். கோயில் தரையில அப்படியே உக்காந்திருக்கறாராம்.

அவங்களுக்குத் தூக்கத் தெரியாதுங்க. அக்குள்ல கை குடுத்து இழுப்பாங்க. அப்படி இழுத்தா உசுரு போயிரும் அவருக்கு. பொறத்தால இருந்து இடுப்பை வேட்டியோட சேத்துப் புடிச்சு, அவர் கையை நம்ம கழுத்தைச் சுத்திப் போட வெச்சு, அந்தக் காலை இன்னொருத்தர் கீழ தாங்கிக்கோணும், மூச்சை விடச் சொல்லிட்டு ஒரே தூக்காத் தூக்கோணும். அன்னைக்குச் சுவத்துல இருந்து ஜீப்பு வரைக்கும் நான்தான் தூக்கிட்டுப் போனேன். என்ற கழுத்தைக் கட்டிட்டுத்தான் வந்தாரு. அதை இந்த ஊர்ல எவனாச்சும் சொல்லுவானா? சொல்ல மாட்டான்.

உங்க வண்டி கேட்டுக்கு வெளியதானே நிக்குது? எடுங்க. கோயில் வரைக்கும் விட்டுட்டுப் போங்க. மேல ஏறோணும், மொதக் கியர்லயே போங்க.

மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன், அதை இப்பவே சொல்லிப்போடறேன். தூக்கி நிறுத்திட்டு வந்துர்றேன். எடுங்க தம்பி, சீக்கிரம் எடுங்க, அந்தாளு வலி தாங்க மாட்டாரு.